வெயிலில் வைத்த பேட்டரி

பேய், பிசாசு, குறி, கனவுப் பலன் எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மாத்தளையில் சரித்திரம் படிப்பித்தவன் நான். திகதியும் சாட்சியும் இல்லாத கதையை மாணவர்களிடமிருந்துகூட ஏற்றுக்கொண்டதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

2009ஆம் ஆண்டு, சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த வாரம். பலாபத்வலையில் பெரிய வீதிக்குக் கீழே எங்கள் வீடு. அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு ஒரு மேசைத் தொலைபேசி வந்திருந்ததே, கம்பி இல்லாமல், முதுகில் குட்டி அன்டெனாவோடு, அது எங்களிடமும் இருந்தது. சன்னல் மூலையில் வைத்தால்தான் சிக்னல் எடுக்கும். அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அழைப்பு அதில்தான் வரும். யார் ரிசீவரை எடுத்தாலும் மறுமுனைக்குச் சொல்லும் முதல் வார்த்தை "கேக்கல, வெளிய வந்து பேசுங்க" என்பதுதான். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இப்போது நினைத்தாலும் அந்தக் கூச்சலெல்லாம் காதில் கேட்கிறது.

அந்தத் தொலைபேசியின் அடிவயிற்றில் ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் அரை நாள் தாங்கும் என்று வாங்கும்போது சொன்னார்கள். எங்களுடையது அந்த வருடத் தொடக்கத்திலிருந்து அரை நிமிடமும் தாங்கவில்லை. கரண்ட் போன அதே கணம் தொலைபேசியும் செத்துவிடும். கையேட்டை வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். சுவிட்ச் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே அடாப்டரில் பிழையில்லை. பேட்டரி விளக்கு மட்டும் சிவப்பாகச் சிமிட்டுகிறது. மூடியைக் கழற்றி, தகட்டுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் துடைத்து, திருப்பிப் போட்டு, ஒரு முழு நாள் சார்ஜ் ஏற்றினேன். பலனில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி நடுவில் உப்பியிருந்தது.

காரணம் எங்கள் வீட்டுப் பழக்கம். இடி முழங்கினால் என் மனைவி சாந்தி எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள், படுக்கப்போகும்போது சுவரிலுள்ள சுவிட்ச் அத்தனையையும் அணைப்பாள். மலைப்பக்கத்து வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். தொலைபேசி இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சிக் காலியாக்கிவிடும். தினமும் பட்டினி போட்டே அதைக் கொன்றிருந்தோம்.

டவுனில் தொலைபேசிச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்காரரிடம், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவரிடம், கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த மொடல் இப்ப கொழும்புலயும் இல்ல சேர். சொல்லி வச்சிருக்கேன், வந்தா கோல் பண்றேன்."

"பேட்டரி செத்த போனுக்கா, நானா, கோல் பண்ணப் போறீங்க?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அக்காவுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். 77 இனக்கலவரத்துக்குப் பிறகு அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார். முப்பது வருடத்தில் அவள் பேச்சே வடக்குப் பேச்சாகிவிட்டது. 2006இல், சண்டையில் வடக்குப் பாதை மூடுவதற்குச் சில மாதம் முன்பு, மாத்தளைத் தேருக்கு வந்தவள் அந்த எண்ணைப் பாட்டு மாதிரி பாடிப் பாடி மனப்பாடம் செய்துகொண்டு போனாள். இடைக்கிடை ஒரு அழைப்பு வரும். 2009 பிறந்த பிறகு அதுவும் இல்லை. சண்டை கடற்கரை மணலுக்குள் அவர்களை நெருக்கிக்கொண்டு போவதைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து, தப்பி வந்து எந்த மூலையிலிருந்தாவது ஒரு தடவை அழைப்பாள், அந்த நேரம் பார்த்து இந்தச் சனியன் செத்துக் கிடக்குமோ என்பதே என் பயமாக இருந்தது.

புதுவருடத்துக்கு அடுத்த வாரம் என்றேனே, அந்த நாள் மத்தியானத்திலேயே கரண்ட் போய்விட்டது. வடக்கே நாவுலப் பக்கம் வானம் கறுத்து, தூரத்தில் இடி கேட்டது. சாந்தி வழக்கம்போல பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். எங்கள் வீட்டுப் பக்கம் இன்னும் நல்ல வெயில். நான் உப்பிய பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போய் விறகுக் கொட்டிலின் தகரத்தில் வைத்தேன்.

படித்த மனிதன் செய்கிற வேலையா என்று கேட்பீர்கள். இந்த வகை பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. ஆனால் கை தன்பாட்டில் வைத்துவிட்டது. எழுபதுகளில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், எங்களிடம் ஒரு ரேடியோ இருந்தது. பேட்டரி இறங்கிப் பாட்டு இழுக்கத் தொடங்கினால் அக்கா அவற்றைக் கழற்றி, சூடேறிய தகரக் கூரையில் வரிசையாக வைப்பாள். வெயில் பட்டால் இன்னும் இரண்டு நாள் பாடும். காவல் என் வேலை. மழை இருட்டினால் நான் லயமே அதிரக் கத்துவேன்: "அக்கா, வெளிய வா! மழை வருது!" அவள் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். அந்தப் பாட்டுகளுக்காக நாங்கள் பட்ட பாடு!

உள்ளே வந்து உட்கார்ந்தேன். தொலைபேசி அடித்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் யோசிக்காமல் எடுத்துவிட்டேன், அடிக்கிற தொலைபேசியை யாரும் யோசித்து எடுப்பதில்லை.

ஒரே இரைச்சல். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. அதற்குள் ஒரு குரல், "தம்பி…" என்று.

"அக்கா! எங்க இருக்க? கேக்கல அக்கா, வெளிய வா! வெளிய வந்து பேசு!"

இரைச்சல். பிறகு பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாக: "பேட்டரிய எடுத்து உள்ள வைடா. மழை வருது."

அவ்வளவுதான். பின்கட்டில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த சாந்தி என் சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"யாரோடங்க கத்துறீங்க?"

"அக்கா. அக்கா பேசினா."

அவள் தொலைபேசியைத் தூக்கிக் காட்டினாள். அடிவயிறு வெறுமையாக இருந்தது. வயர் கீழே கிடந்தது. "வெயில்ல நின்னது தலைக்கு ஏறிருச்சா?" என்று கேட்டாள். தகரத்தில் முதல் துளி விழுந்தது அப்போதுதான்.

மறுநாள் அந்தக் கடற்கரையிலிருந்து சனம் ஆயிரக்கணக்கில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துவிட்டதாகச் செய்தி. அக்காவும் அத்தானும் அதில் இருந்தார்கள் என்பது பல வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் பார்க்கப் போனபோது வவுனியா முகாமில், முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பாதியாகிப் போயிருந்தாள். கொண்டுபோன பிஸ்கட்டைக்கூட வாங்காமல் முதலில் கேட்டது இதுதான்:

"நீ எப்பிடியடா அங்க வந்தனீ?"

"எங்கக்கா?"

"அங்கயிருந்து வெளிக்கிடுறதுக்கு முதல்நாள். அவர் கஞ்சிக்கு லைன்ல நிக்கப் போயிட்டார், நான் பங்கருக்குள்ள தனிய. மேல நிண்டு நீ கூப்பிட்டாய், 'அக்கா, வெளிய வா, மழை வருது' எண்டு. பேட்டரி நனையப் போகுதெண்டு விழுந்தடிச்சு ஏறி ஓடினன். பத்தடி போயிருக்க மாட்டன். பங்கருக்கு மேலயே ஷெல் விழுந்தது."

"என் குரலா?"

"உன்ர குரல்தான். ஆனா இப்பத்தையான் குரல் இல்லை. சின்னப் பெடியன்ர கீச்சுக் குரல்."

தொலைபேசியில் கேட்ட குரலையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அதில் வடக்குப் பேச்சு இருக்கவில்லை. அது லயத்தில் கேட்ட குரல், தாவணி போட்ட வயதுக் குரல். நான் அன்று தொலைபேசியில் 'மழை வருது' என்று சொல்லவுமில்லை. வெளியே வா என்று மட்டுமே கத்தினேன்.

இதற்கு விளக்கம் தேடி நான் படிக்காத புத்தகமில்லை. உப்பிய பேட்டரியைப் பற்றிக் கிடைத்தது, மற்றதைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை.

அத்தான் காலமான பிறகு அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். பழைய தொலைபேசி அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அதன் இணைப்பு என்றோ போய்விட்டது. சித்திரை மாதத்துப் பின்னேரங்களில், இடி தூரத்தில் முழங்கும்போது, அக்கா சில நாட்களில் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று முற்றத்துக்குப் போய் நிற்பாள்.

"என்னக்கா?"

"நீதானே கூப்பிட்டாய்?"

நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஆனாலும் சாந்தியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நானும் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.