நாத்தனார் தொடாத பணம்

எங்கள் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் மார்லிஸை விட நல்ல ஓட்டுநர் கிடையாது. மினசோட்டாவின் ஜனவரிப் பனியில், கண்ணாடி வழியே எதுவும் தெரியாத காலையில்கூட ஒரு பிள்ளையைத் தாமதமாக இறக்கியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே நோய் பொறாமை. அதற்கு லவோன் என்று பெயர்.

லவோன் அவள் கணவன் கோர்டியின் தங்கை. எங்களோடுதான் பஸ் ஓட்டுகிறாள். விவாகரத்து ஆனவள், தனிக்கட்டை. எனக்கும் அவளைப் பிடிக்காது, மறைப்பானேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் அடுத்த வருடத்துக்கான மருத்துவக் காப்பீட்டை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய திட்டத்தில் சம்பளத்தில் நிறையப் பிடிப்பார்கள். டாக்டரிடம் போனால் சில்லறை கொடுத்தால் போதும். புதியதில் பிடிப்பது குறைவு. ஆனால் வருடத்தில் முதல் நாலாயிரம் டாலர் செலவு நம் தலையில். அதைத் தாண்டினால்தான் கம்பெனி எட்டிப் பார்க்கும். அந்தச் செலவுக்கென்று வரியில்லாமல் பணம் போட்டுவைக்க ஒரு சேமிப்புக் கணக்கு கொடுப்பார்கள். எடுக்காவிட்டால் அது உங்களுக்கே, வளர்ந்துகொண்டே இருக்கும்.

லவோனுடையது ஆறு வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை, அலுவலகத்துப் பெண் இரண்டு திட்டங்களையும் படம் போட்டு விளக்கிவிட்டு டோனட் பெட்டியைத் திறந்தாள். லவோன் டோனட்டைக் கூடத் தொடவில்லை. நேரே மார்லிஸிடம் வந்து, போனில் தன் கணக்கைத் திறந்து நீட்டினாள்.

"பாத்தியா என் புள்ளைய? பத்தொன்பதாயிரம் தாண்டிட்டான்."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் மார்லிஸ். காதில் புகை வந்ததை நான் பார்த்தேன்.

"நீ இன்னும் அந்தப் பழைய திட்டத்துக்கே கொட்டிக் கொடுத்துட்டு இருக்கே. யாரோ ஒருத்தன் வைத்தியத்துக்கு நீ அழறே, மார்லிஸ். நானெல்லாம் ரிட்டயர் ஆகி அரிசோனா போயிடுவேன். வந்து பாரு, விருந்தாளி ரூம் இருக்கும்."

விருந்தாளி ரூம்! அதுதான் மார்லிஸைக் கொன்றது. மத்தியான ஓட்டத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாளாம். பின் சீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கோர்டியிடம் சொன்னாள். "நான் மாத்தப் போறேன். உன் தங்கச்சிக்கு மட்டும்தான் கணக்கு வளருமா?"

கோர்டிக்கு முட்டியில் மூட்டுவாதம். மாதம் ஒரு ஊசி. அது இருந்தால்தான் இரும்புக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்க நிற்பான். ஊசி விலை கேட்டால் மயக்கம் வரும். அவனுக்கும் மார்லிஸின் காப்பீடுதான். பழைய திட்டத்தில் அவன் கொடுப்பது கொஞ்சம்தான். புதியதில் ஜனவரி ஊசிக்கே முழு விலையும் கைக்காசு.

"மாத்திக்கோ," என்றான் அவன், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். "கணக்குல கொஞ்சம் சேர்ற வரைக்கும், முதல் ரெண்டு மாசம் ஊசி இல்லாம சமாளிச்சுக்கறேன்."

இதை மறுநாள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "பாத்தியா, என் புருஷன் எவ்வளவு ஒத்துழைக்கிறான்!"

"உனக்குப் பைத்தியமா?" என்றேன். "அவன் எப்படி நிப்பான்?"

"லவோன் கணக்குப் பக்கத்துல என் கணக்கு வரணும். அவ்வளவுதான். நீ உன் வேலையப் பாரு." முறைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

வியாழன் காலை ஓட்டம் முடிந்து மார்லிஸ் பஸ்ஸைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். லவோன் ஏறி வந்தாள். வலது காதோடு தொப்பியை இழுத்துவிட்டிருந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"மார்லிஸ், கோர்டிக்குப் பல்லுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

"காது. சும்மா ரெண்டு வாரமா வலி."

"ரெண்டு வாரமா? டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா முழுப் பணமும் நான்தானே கட்டணும்?"

"கணக்குல இருக்கே, உன் புள்ள!"

"அதை எப்படி எடுக்கறது?" என்றாள் லவோன், நிஜமாகவே புரியாதவள் போல. "எடுத்தா குறைஞ்சிடுமே."

மார்லிஸ் விளக்குமாறைக் கீழே போட்டாள். அவளை அப்படியே தன் பிக்கப் வண்டியில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். கவுண்டரில் விலையைக் கேட்டதும் லவோன் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். மார்லிஸ் அவள் கைப்பையைப் பிடுங்கி, அந்தக் கணக்கின் அட்டையை எடுத்துத் தானே இயந்திரத்தில் செருகினாள். இரக்கப்பட்டா? அட போங்க. அந்தக் கணக்கு குறையட்டும் என்று கை துடித்ததாக அவளே சொன்னாள்.

இன்னும் சில நாள் விட்டிருந்தால் சீழ் எலும்புக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் லவோன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உனக்கு மூக்கு ஒழுகினாக்கூட டாக்டர்கிட்ட போறே. உன்னைப் பாத்தா எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் மார்லிஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சமையலறை மேஜையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். கோர்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"மாத்திட்டியா?"

"இல்ல."

"ஏன்? கணக்கு வேண்டாமா?"

"வேணும். செத்தாலும் வேணும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீயும் லவோனும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அவ காதை விட்டுட்டுக் கணக்கைக் காப்பாத்தினா. நீ ரெண்டு மாசம்னு சொல்லுவே. மார்ச் வந்தா இன்னும் ஒண்ணுன்னுவே. ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டே, என்கிட்ட சொல்லவும் மாட்டே."

கோர்டி குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உயிரே போய்விட்டது.

பழைய திட்டத்தையே அழுத்தினாள். அழுத்தும்போது கண்ணீர் கொட்டியதாம், திங்கட்கிழமை கொட்டகையில் என்னிடம் சொன்னாள். புருஷன் மேல் உள்ள அன்பினால் என்று நினைத்து நான் அவள் தோளைத் தட்டப் போனேன்.

"அன்பா?" என்று கையைத் தட்டிவிட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். அவளுக்கு அரிசோனா வீடு வந்துடுமேன்னுதான்டி அழுதேன்."