காணிக்காரர் செத்த சீன்

ஈரச் சாக்கும் டீசலும் கலந்த வாடை... அதுதான் என் பழைய ஜீப்.

மூணாறில் மழை பிடித்துவிட்டால் சீட்டு காயவே காயாது. மேலே சாக்கை விரித்துத்தான் ஆட்களை உட்கார வைப்பேன். டூரிஸ்ட்டுகள் மூக்கைப் பொத்துவார்கள். வெள்ளையன் காணிக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் ஏறி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "விடுப்பா" என்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஆதிவாசிகள் இருக்கும் ஊரை எங்கள் பக்கம் குடி என்போம். குடியின் தலைவர் காணி. எஸ்டேட் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு அவர் காணிக்காரர். இப்போது சினிமாவில் வெள்ளைத் தாடியோடு வருகிறாரே, நீங்கள்கூட ஸ்டேட்டஸ் வைக்கிறீர்களே... அவரேதான்.

அப்போது தாடியும் இல்லை, சினிமாவும் இல்லை. குடிக்கு ரோடு வேண்டும் என்று தாலுக் ஆபீஸுக்கும் ஃபாரஸ்ட் ஆபீஸுக்கும் அலைந்துகொண்டிருந்தார். குடிக்குள்ளேயும் பயங்கரக் கறார். சாராயம் குடித்துவிட்டு வந்தவனைக் கூட்டத்தில் உட்கார விடமாட்டார். ரோட்டுக்கு இடம் விடு என்று ஒவ்வொருவனிடமும் சண்டை. பாதிப் பேர் அவரைக் கண்டால் வேறு பாதையில் போவார்கள்.

ஒருநாள் டீக்கடையில் ஃபாரஸ்ட் கார்டு ஒருவரைப் பிடித்து அவர் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்ததை ஒரு மலையாள டைரக்டர் பார்த்துவிட்டார். படத்தில் நடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"என்ன வேசம்?"

"ஒரு ஊர்த்தலைவர் வேசம்" என்றேன், நடுவில் நின்று மொழிபெயர்த்த நான்.

"அது நாந்தானே. அதுக்கு எதுக்குப்பா நடிக்கணும்?"

கடையே சிரித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். ரோடு இல்லாத குடியைப் படத்தில் பார்த்தால் ஏதாவது ஒரு ஆபீஸருக்காவது உறைக்காதா என்று ஒரு நப்பாசை.

ஷூட்டிங் நன்றாகத்தான் போனது... கடைசி நாள் வரைக்கும்.

கடைசி நாள் அந்தத் தலைவர் சாகும் சீன். சுற்றி அழுவதற்குக் குடியிலிருந்தே பெண்களைக் கூட்டிவந்திருந்தேன். கதையில் அவர் பெயர் மாரன். "மாரா என்று கூப்பிட்டு அழுங்கள்" என்றார் டைரக்டர். அவர்களுக்கு அழுகை வரவில்லை. ஒருத்தி சிரித்தாள், அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் காணிக்காரரின் தங்கச்சி நாகம்மாவும் இருந்தாள். பாயில் கண்ணை மூடிக் கிடந்தவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏ வெள்ளையாண்ணே... ரோடு ரோடுன்னு அலைஞ்சியே... எங்க வாயில எல்லாம் பேச்சு வாங்குனியே..."

அவ்வளவுதான். மற்ற பெண்களும் உடைந்துபோனார்கள். அவரோடு பேசாத வீட்டுப் பெண்கள்கூட மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். டைரக்டர் கட் சொல்லியும் நிற்கவில்லை. நானும் அழுதுவிட்டேன். சொல்ல என்ன வெட்கம்.

ஒருவழியாக ஓய்ந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பெண்களைக் குடிக்கு அனுப்பிவிட்டு, அவர் அன்றிரவு மூணாறிலேயே தங்கினார்.

மறுநாள் காலை குடியில் கூட்டம் போட்டார்கள். அவரை இறக்கிவிடப் போன நானும் ஓரமாக நின்றுவிட்டேன். அவர்கள் முறைப்படி, காணியைப் பெயர் சொல்லி அழுதுவிட்டால் அவர் காலம் முடிந்தது. பதவி தங்கச்சி மகனுக்குப் போக வேண்டும். உயிரோடு இருக்கிற காணியை அழுதால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இதுவரை எந்தக் காணி சினிமாவில் செத்தார்?

"அது சும்மா நடிப்புய்யா" என்றார் காணிக்காரர். ரோட்டு வேலை அப்போதுதான் பாதி கைகூடி வந்திருந்தது. அந்த நேரத்தில் பதவி போனால் என்ன ஆகும் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

எல்லோரும் நாகம்மாவைப் பார்த்தார்கள். பதவி போனால் அவள் மகனுக்குத்தான் போகும். அதனாலேயே அவள் வாயைத் திறக்கக் கூசினாள். அழுதது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

"நீ நடிச்சேண்ணே" என்றாள் கடைசியில். "நாங்க நடிக்கலையே."

எத்தனை ஆபீஸரை மடக்கிய மனுஷன்... மருமகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எழுந்து பின்வரிசைக்குப் போனார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு சினிமாக்காரனுக்காக இப்படியா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

அதன்பிறகுதான் அவர் முழுநேர நடிகர் ஆனார். வேறென்ன செய்வார்?

இன்றைக்கு அந்தக் குடிக்கு கான்கிரீட் ரோடு இருக்கிறது. மருமகன் காலத்தில் வந்தது. சாக்கு விரிக்கிற ஜீப்பை நானும் விற்றுவிட்டேன், இப்போது ஏசி கார். ஷூட்டிங்கில் கேரவன், கிளிசரின் எல்லாம் வந்துவிட்டது. குடியிலிருந்து பெண்கள் கூட்டத்தில் நிற்பார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள்... அழுகிற சீன் என்றால் மட்டும் ஒருத்தியும் வரமாட்டாள்.

போன வாரம் வடகரப்பதி கிராமத்தில் அவருக்கு ஷூட்டிங், என் காரில்தான் போனோம். வேடிக்கை பார்க்க வந்த விவசாயி ஒருவர் அவரிடம், "ஏனுங்க, நீங்க நெசமாவே தலைவருங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேங்க" என்றார் இவர். அவ்வளவுதான்.

திரும்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அந்தச் சீன்ல படுக்காம இருந்திருக்கலாம்னு தோணலையா, காணிக்காரரே?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"காணியாவே இருந்து செத்தவன் எவனுக்கும், தன் சனம் தனக்காக எப்படி அழுதுச்சுன்னு தெரியாதுப்பா" என்றார். "நான் காதாரக் கேட்டேன்."