களா நோன்பும் கண்டிக்குப் போன கடிதங்களும்

பிள்ளைகளே, போன நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் உம்மா வழமைபோல எல்லோரையும் எழுப்பி, சோறும் தயிரும் வாழைப்பழமும் எடுத்து வைத்துவிட்டு, தான் மட்டும் கதிரையில் சாய்ந்து நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக நம் வீட்டுக்கு வந்த மருமகன் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "மாமி, நீங்களும் சாப்பிடுங்களன், நேரம் போகுது" என்றார். மூத்தவள் பீங்கானைப் பார்த்துக்கொண்டாள், சின்னவன் தேவையில்லாமல் தண்ணீர் குடித்தான். உம்மாதான் சிரித்தார். "எனக்கு அல்லாஹ் லீவு தந்திரிக்கான் மகன். நீங்க சாப்பிடுங்க."

நீங்கள் சிறு வயதிலிருந்தே இதைப் பார்த்து வருகிறீர்கள். உம்மா நோன்பு பிடிப்பதில்லை, ஒவ்வொரு நாளும் வேளை தவறாமல் மருந்துக் குளிசை போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக்கூடாத விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. மறைத்து வைப்பதற்கு இதில் ஒன்றும் கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்து அழகாக வராது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இது உம்மாவின் கதை மட்டுமல்ல. முகம் தெரியாத ஒரு டொக்டரின் கதையும் இதில் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் இதை வாசிக்க நீங்கள் இருந்திருப்பீர்களோ தெரியாது.

உம்மா எனக்கு மாமா மகள். அவருக்கு வலிப்பு இருப்பது தெரிந்துதான் கலியாணம் முடித்தேன். சின்ன வயதில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுச் சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தபோது அவர் விழுந்ததை நானே கண்டிருக்கிறேன். முதலில் வாயின் இடது ஓரம் இழுக்கும். பிறகு கண் மேலே சொருகும், கை கால் அடித்துக்கொள்ளும். முடிந்ததும் அடித்துப் போட்டதுபோல நித்திரை. எழும்பினால் நடந்தது ஒன்றும் நினைவிருக்காது. சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தனக்கு மறுபடியும் வந்திருக்கிறது என்று அறிந்துகொள்வார். அந்தப் பார்வைதான் எனக்குப் பெரிய வேதனை. மாமி, அதாவது உங்கள் உம்மாவின் உம்மா, வீட்டின் மூலைக்கு மூலை இரும்புத் திறப்பு ஒன்று தொங்கவிட்டிருந்தார், வலிப்பு வந்தால் கையில் திணிக்க. ஓதிய தண்ணீர் ஒரு போத்தலில் எப்போதும் இருக்கும். கலியாணம் முடிந்து நான் சாய்ந்தமருதில் மாமி வீட்டுக்கு வந்து இருந்தபோது அந்தத் திறப்புகளைப் பார்த்து, இந்த வீட்டில் இத்தனை பூட்டு எங்கே என்று யோசித்தது இன்றும் நினைவிருக்கிறது.

யுத்தம் நடந்த காலம் அது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸிதான் வழி சொன்னார். கல்முனையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். வலிப்புக்கென்று படித்த டொக்டர் கண்டியில் இருக்கிறார், தம்பிலுவில் பக்கத்துத் தமிழர், நல்ல மனிசன் என்றார். கண்டிக்குப் போவதென்றால் அன்றைக்கு லேசான காரியமா? செக் பொயின்ட் ஒவ்வொன்றிலும் பஸ்ஸால் இறங்கி வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே உம்மாவுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? "அப்ப காயிதம் எழுதுங்க" என்று சொல்லி மிஸ்ஸி விலாசத்தைத் தந்தார்.

எழுத எனக்குத் தயக்கம். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் முகம் கொடுத்துப் பேசப் பயந்த நாள்கள் அவை. என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். என் மனைவிக்கு வலிப்பு, மருந்து எழுதி அனுப்பவும். அவ்வளவுதான்.

பதில் வந்தது. நல்ல தமிழில், வட்ட வட்ட எழுத்தில் நீளமான கடிதம். முதலில் ஊரில் மழை பெய்ததா, இம்முறை வேளாண்மை எப்படி என்று கேட்டிருந்தார். நான் நிந்தவூரில் அரிசி மில்லில் வேலை செய்கிறேன் என்று கடித உறையின் பின்னால் விலாசத்தில் எழுதியிருந்ததைக் கவனித்திருக்கிறார். பிறகுதான் நோய். இரண்டு வரிக்கு மருந்து எழுத முடியாது, வலிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, நாக்குக் கடிபடுகிறதா, முகம் நீலம் பாய்கிறதா, பிறகு எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்று கேட்டிருந்தார். அதோடு ஒரு பழங்கதையும் சொல்லியிருந்தார். இருநூறு முந்நூறு வருடத்துக்கு முன்னர் குளிர் நாடுகளிலும் இப்படித்தானாம். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் தகப்பன் தொலைதூரத்தில் இருக்கும் வைத்தியருக்குக் கடிதம் எழுதுவான். வைத்தியர் பிள்ளையைப் பார்ப்பதே இல்லை, கடிதத்தைத்தான் பார்ப்பார். "ஆகவே நேரில் வர முடியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். நன்றாகப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதுதான் எனக்குக் கண்" என்று முடித்திருந்தார்.

அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு அந்தக் குளிர் நாட்டுத் தகப்பன் கூடப் பிறந்த காக்கா, ஒரு அண்ணன் மாதிரி ஆகிவிட்டான். அவனும் மனதில் இருக்கிறதை எழுதத் தெரியாமல் பேனையை வாயில் வைத்துக்கொண்டு இருந்திருப்பான். நான் கொப்பியில் தாள் கிழித்து எழுதத் தொடங்கினேன். மாமிக்கு அது பெரிய பகிடி. "மருமகனுக்கு மில்லு வேலை சும்மா. டொக்டருக்குக் காயிதம் எழுதுறதுதான் உத்தியோகம்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்வார்.

டொக்டர் மருந்துத் துண்டு அனுப்பினார். காலை, பகல், இரவு என்று மூன்று வேளைக் குளிசை. கையில் இரும்பு கொடுக்க வேண்டாம், வாய்க்குள் ஒன்றும் திணிக்க வேண்டாம், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், அது போதும் என்றும் எழுதினார். மாமி திறப்புகளைக் கழற்றுவதற்கு முன்னர் அந்தக் கடிதத்தை மூன்று பேரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டார். அடுத்து வந்த றமழானில் நோன்பு பிடிக்கவே கூடாது, குளிசை ஒரு வேளையும் தவறக்கூடாது என்று டொக்டர் கட்டளை. உம்மா அதைக் கேட்டார். அந்த மாதம் முழுக்க ஒரு நோன்பும் பிடிக்கவில்லை. வலிப்பும் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் வந்ததுபோல இருந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் நான் பிள்ளையைப் பற்றிக் கேட்டு எழுதினேன். டொக்டர் மறுக்கவில்லை. ஆனால் வலிப்பில்லாமல் நல்ல காலம் போக வேண்டும், வயிற்றில் பிள்ளையோடு விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து, அதுவரை பொறுங்கள் என்றார். பிள்ளை தங்கினாலும் குளிசையை நீங்களாக நிறுத்தக்கூடாது என்று அடியில் கோடு போட்டிருந்தார். பொறுப்போம் என்றுதான் நாங்கள் இருந்தோம். தெருப் பெண்கள் பொறுக்கவில்லை. கிணற்றடியில், கலியாண வீட்டில், "என்ன மகள், இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று உம்மாவின் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள்.

அப்போதுதான் வலிப்புத் திரும்பி வந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. டொக்டர் குளிசையைக் கூட்டினார். உம்மா பகலிலும் நித்திரை தூங்கி விழுந்தார், கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். ஆனாலும் வலிப்பு நிற்கவில்லை. குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டொக்டர் கேட்டார். ஓம் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளில் மில்லுக்குப் போனால், இருட்டிய பிறகுதான் நான் வீடு வருவேன். குளிசைப் பைக்கற்றில் எண்ணிக்கை சரியாகத்தான் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு கட்டத்தில் டொக்டர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். இனி வலிப்பு வந்தால், வந்த அந்த நாளை அப்படியே எழுதி அனுப்புங்கள் என்றார். கண் விழித்ததிலிருந்து என்ன செய்தார், என்ன சாப்பிட்டார், யாரோடு கதைத்தார், ஒன்றும் விடாமல்.

அந்த நாளும் வந்தது. அடுத்த நாள் காலையில் மில்லுக்குப் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன். உம்மா களைத்துப் போய்ப் படுத்திருந்தார். மாமி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்ட என்று கேட்டேன். உம்மா போர்வையை இழுத்துக்கொண்டார். பகல்? மாமி ஒரு தரம் இருமினார்.

"எழுதுங்க, ஒண்டும் தின்னல்ல எண்டு" என்றார் உம்மா.

"ஏன்?"

"நோன்பு."

"நோன்பு முடிஞ்சு எத்தின மாசம். இப்ப என்ன நோன்பு?"

"களா" என்றார்.

விடுபட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கொடுப்பதுதான் களா, உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிக்கொண்டு பிடிப்பதில்லை. அடுப்பும் வழமைபோல எரியும், ஆணுக்குச் சோறும் வரும், வீட்டில் நோன்பு நடப்பது தெரியாது. டொக்டர் றமழானில் பிடிக்க வேண்டாம் என்றார், உம்மா பிடிக்கவில்லை. அவர் கணக்கில் டொக்டர் சொன்னது அதோடு முடிந்தது. விட்ட மாதம் முழுவதும் இப்போது கடனாக நின்றது. கிழமையில் சில நாள் சஹருக்குக்கூட எழும்பாமல் நோன்பு வைத்திருக்கிறார். அப்ப குளிசை என்று கேட்டேன்.

"மஃரிபுக்குப் பொறகு நோன்பு தொறந்து எல்லாத்தையும் ஒண்டாப் போட்டன். ஒண்டும் மிச்சம் வைக்கல்ல" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "புள்ள வந்தா அந்த நோன்பும் விடுபடும். பால் குடுக்கக்குள்ள அதுவும் விடுபடும். கடனோட புள்ள பெறப் பயமா இரிக்கி. அதுக்கு முந்தி முடிச்சிருவம் எண்டு பாத்தன்."

மாமி வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தார். "நானும் அவளோட சேந்துதான் பிடிச்சன் மனே. தனியப் பிடிச்சா மனசு விட்டுப் போகும்."

பிள்ளைக்காகப் பிடித்த நோன்பே பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இதை டொக்டருக்கு எழுதலாமா, அவருக்கு இதெல்லாம் விளங்குமா என்று யோசித்தேன். உம்மாதான் சொன்னார், "எழுதுங்க. அவரு நம்மட ஆள் இல்ல. ஆனா வெளங்கும்." வெங்காய மணத்தோடு, அந்த நாளை அப்படியே எழுதி அனுப்பினேன்.

பதிலில் கோபம் இல்லை. "இன்றுதான் உங்கள் மனைவியைப் பார்த்தேன்" என்று தொடங்கியிருந்தார். வெறும் வயிறு, பகல் முழுக்க மருந்து இல்லாமல் இரவில் ஒரேயடியாக மருந்து. இது போதும் வலிப்பு வர. குளிசையைப் பழைய அளவுக்கே குறைத்தார், மூன்று வேளையும் நேரத்துக்குப் போட வேண்டும் என்றார். இந்த நோய்க்கு ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படலாம் என்றும் எழுதினார். "மருந்தைப் பற்றி நான் சொல்வேன். நோன்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடிதத்தை உங்கள் மௌலவியிடம் காட்டுங்கள்."

மௌலவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து, முன்னறையில் இருந்து, திரைக்குப் பின்னால் நின்ற உம்மாவோடு கதைத்தார். சுகப்படும் என்ற நம்பிக்கை இல்லாத நோயாளிக்குக் களா இல்லை, ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். "அல்லாஹ் தந்த சலுகைய ஏன் மகள் திருப்பிக் குடுக்கப் பாக்கிற?"

எனக்குச் சந்தோசம். திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம். "அப்ப எனக்கு இனி நோன்பே இல்லையா?" என்று கேட்டார் உம்மா. அப்படி ஒரு இழப்பு அதில் இருப்பதை நான் நினைத்திருக்கவில்லை. மௌலவி கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "சஹருக்கு எழும்பி மத்தவங்களுக்கு ஆக்கிக் குடு மகள். அதுக்கும் கூலி இரிக்கி" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை உம்மா ஒரு சஹருக்கும் எழும்பாமல் இருந்ததில்லை. முந்திய இரவே நேரத்தோடு படுத்து, நித்திரையை ஈடுசெய்துகொள்வார். அதுவும் டொக்டர் சொன்ன யோசனைதான்.

வலிப்பு நின்றது. பயந்து பயந்து ஒரு மாதம், பிறகு பயப்பட மறந்து பல மாதம். டொக்டர் சரி என்று எழுதினார். மூத்தவள் பிறந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று பால் கொடுக்க வேண்டாம், பாயில் இருந்து கொடுக்கட்டும், தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம் என்று டொக்டரிடமிருந்து கடிதம் வந்தது. ஊரில் மழை எப்படி என்று அப்போதும் கேட்டிருந்தார். பாதைகள் திறந்த பிறகு நாங்கள் குடும்பமாகக் கண்டிக்குப் போனோம். அவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள், அவர் கதிரையில் வேறொருவர் இருந்தார். அவர் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது நீங்கள் போனில் படம் எடுத்து ஒரு நிமிடத்தில் டொக்டருக்கு அனுப்புகிறீர்கள். நல்லதுதான். அனுப்பும்போது ஒன்றும் விடாமல் சொல்லுங்கள், டொக்டருக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைப்பதையும் சேர்த்து.

இன்னும் ஒன்று. இதை உம்மாவுக்கும் சொன்னதில்லை. மூத்தவள் பிறந்து சில நாள் கழித்து, ஒரு சாதாரண வேலை நாளில், நான் உம்மாவைப்போல யாருக்கும் சொல்லாமல், கடமையில்லாத ஒரு சுன்னத்து நோன்பு பிடித்தேன். சஹருக்கு எழும்பினால் மாமிக்குத் தெரிந்துவிடும், அதனால் எழும்பவில்லை. மில்லில் பத்து மணித் தேத்தண்ணி வந்தபோது என் கோப்பையை இறக்காமம் ஊரிலிருந்து நெல் கொண்டுவந்த லொறிக்காரர் பக்கம் தள்ளினேன். யானை வயலுக்குள் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அவர், குடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன தம்பி, புள்ள பொறந்ததில வயிறு நெறஞ்சு போச்சோ?" என்றார். சிரித்துவிட்டு மூட்டை இறக்கப் போனேன். நெல் அவிக்கும் புகையில் நாக்கு வறண்டது. பின்னேரம் எல்லோரும் போன பிறகும் நான் போகவில்லை. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்டதும் மில்லின் பின்பக்கம் போய், நெல் ஊறவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பைப்பைத் திறந்து, பிஸ்மி சொல்லி, இரண்டு கையாலும் தண்ணீர் ஏந்திக் குடித்தேன்.