மூன்றாம் லைனின் சிவப்புச் சாவி

மலாக்கா ரப்பர் கம்பெனி ஒன்றில் நல்லையா பதினாறு வருடம் டெலிபோன் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தவர். முதலாளியே அவரைக் கேட்டுத்தான் தும்முவார் என்ற நினைப்பு அவருக்கு.

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, தம்பிராஜா என்ற மெக்கானிக் புதுப் பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். ஆபீசின் படமே அதில் வரைந்திருந்தது. மேசைக்கு ஒரு குட்டி விளக்கு. வெளியிலிருந்து வரும் நாலு லைனுக்கும் சுவிட்ச் மாதிரி நாலு சாவி. பச்சைப் பக்கம் தள்ளினால் அழைப்பு உள்ளே வரும், சிவப்புப் பக்கம் தள்ளினால் வராது.

“பழசைப் பாத்து அப்படியே மாத்தாதீங்க. ஒவ்வொரு லைனையும் விசாரிச்சுப் போடுங்க. இதுல சிவப்புன்னா மணியே அடிக்காது,” என்றார் தம்பிராஜா.

“நீர் அரைக்காற்சட்டை போட்ட காலத்தில இருந்து இந்த வேலை பாக்கிறன். எனக்கே பாடமோ?”

பழைய பலகையில் மூன்றாம் லைனுக்குச் சிவப்பு அட்டை செருகியிருந்தது. இணைக்க வேண்டாமென்று எந்த முதலாளியும் சொல்லிச் செருகியதல்ல, நல்லையாவின் குறும்பு. கிளார்க் அப்துல் சமதுவின் மனைவி ரஹீமா, காஜா பேராங் பகுதியில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அப்துல் கய்யூமின் கடையிலிருந்து அந்த லைனில்தான் கூப்பிட்டு, என்ன மீன் வாங்கட்டும் என்று கேட்பாள். ‘மீன் லைன்’ என்று எழுதிச் செருகிவிட்டார். சமதுவே சிரித்தான். அட்டை இருந்தாலும் மணி அடித்தது, நல்லையாவும் இணைத்துக் கொடுத்தார்.

இப்போது சிவப்பைக் கண்டதும் மூளையைக் கேட்காமலே கை மூன்றாம் சாவியைச் சிவப்புக்குத் தள்ளிவிட்டது.

ரஹீமாவுக்கு அது நிறைமாதம். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதனால் லைன் ஊமையானதை யாரும் கவனிக்கவில்லை. ஏழு வருடம் கழித்து வரும் முதல் பிள்ளை. பிறந்ததும் அதன் காதில் தன் வாயால் பாங்கு என்ற தொழுகை அழைப்பைச் சொல்ல வேண்டுமென்று சமது ஒரு மாதமாக மேசையிலேயே முணுமுணுத்துப் பழகினான்.

“இந்தக் குரலைக் கேட்டா பிள்ளை திரும்ப உள்ள போயிடுமடா,” என்று அதையும் நல்லையா கிண்டலடித்திருந்தார்.

பலகை மாட்டிய மூன்றாம் நாள் காலை சமது ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தான்.

“பொம்பளப் புள்ள அண்ணே. நேத்து மத்தியானம். கய்யூம் காக்கா மூணு தடவை போன் அடிச்சிருக்காரு, யாரும் எடுக்கலையாம். நான் அஞ்சு மணிக்குப் போறேன், அவரே பாங்கு சொல்லி முடிச்சிட்டாரு.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “போன் கம்பத்துல ஏதோ கோளாறு போல.”

நேற்று மத்தியானம் இருவரும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லையாவின் கண் மூன்றாம் சாவிக்குப் போனது. கம்பம் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும்.

கையிலிருந்த ஜிலேபியை மேசையில் வைத்தார்.

“கோளாறு இல்லை சமது. நான்தான். பழைய அட்டையைப் பாத்து லைனை அடைச்சுப்போட்டன்.”

“எந்த அட்டை?”

“மீன் லைன்.”

சமது ஜிலேபிப் பொட்டலத்தை மடித்துக் கட்டினான். திட்டியிருந்தால் நல்லையாவுக்குக் கொஞ்சம் சுமை குறைந்திருக்கும்.

“பள்ளிவாசல் லெப்பைக்குப் போட்டுக் குடுங்க அண்ணே. நானும் ஒருக்கா சொல்லலாமான்னு கேக்கணும்.”

பதினாறு வருடத்தில் முதல்முறையாக நல்லையா நம்பரைத் தப்பாகச் சுற்றி, மறுபடி சுற்றினார். சமதுவின் மேசை விளக்கு எரிந்ததும் காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். லெப்பை சொன்ன பதிலைக் கேட்க அவருக்குத் துணிவில்லை.