சுவரில் பூட்டாத அலுமாரி

ஜெசிந்தா அக்கா இல்லை.

முந்தாநாள் காலை, முள்ளிவாய்க்காலில் அவருடைய வீட்டு முன்னறையில், நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த அலுமாரி அவர்மேல் சரிந்துவிட்டது. மேல் லாச்சியை இழுத்து எதையோ எடுக்கப் போயிருக்கிறார்... தலை சீமெந்துத் தரையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்னமே முடிந்துவிட்டதாம்.

எழுதும்போதே கோபமாக இருக்கிறது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுக்குடியிருப்பில் நான் முன்பு வேலை செய்த உடுப்புக் கடையில் சாறிப் பகுதிக்குப் பொறுப்பு அக்காதான். முதலாளியே அவரைக் கேட்டுத்தான் வாய் திறப்பார்.

கடையில் அவர் மடித்து வைத்த சாறி ஒரு நூல் பிசகாது. வீட்டிலோ அவருடைய உடுப்பெல்லாம் உரப்பைக்குள்.

எனக்கும் அதே கதைதான். சண்டை முடிந்தபின் வீட்டுத்திட்டத்தில் சுவரும் கூரையும் கிடைத்தன, அலுமாரி கிடைக்கவில்லை. ஒருநாள் தளபாடக் கடையில் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

"உதென்னடி பெரிய வித்தையே? நாலு பலகை, ரெண்டு கதவு. நாங்களே செய்வம்" என்றார் அக்கா.

சீமெந்து மூட்டை அடுக்கி வரும் பலகைத் தட்டுகளை ஒரு ஹாட்வெயார்காரர் மலிவாகத் தந்தார். மிச்சத்துக்கு யூடியூப். லீவு நாட்களில் அக்கா வீட்டு முற்றத்தில் வேலை... முதல் அலுமாரி அவருக்கு, அடுத்தது எனக்கு என்று பேச்சு.

வாளைப் பிடிக்கவே தெரியாது இரண்டு பேருக்கும். ஒரு தட்டு நீளம், ஒரு தட்டு கட்டை. உள்ளே போன லாச்சி வெளியே வராது.

அக்காவின் மனுசன் அந்தோனி அண்ணை கடலால் வந்ததும் வலையைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "உதுக்குள்ள உடுப்பு வைக்கப் போறியளோ, கோழி அடைக்கப் போறியளோ?"

"உங்களைத்தான் அடைக்கப் போறன்" என்பார் அக்கா, தலை நிமிராமலே.

ஒன்றில் மட்டும் அக்கா பிடிவாதம். ஆணி அடிக்கக் கூடாது. எல்லாம் நட், போல்ட். ஒரு ஸ்பானரால் கழற்றி, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஒரே தடவையில் ஏற்றிவிட வேண்டும்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வீடியோவின் கடைசியில் அந்தப் பெடியன் ஒன்று சொன்னான். உயரமான அலுமாரியைத் தகடு வைத்துச் சுவரோடு இறுக்கிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் முன்னால் சரியும் என்று.

அக்கா போனை என் கையிலிருந்து பறித்து நிறுத்தினார். "சுவரில பூட்டினா, பிறகு ஓடேக்க சுவரையும் தூக்கிக்கொண்டோ ஓடுறது?"

வயிறு நோகச் சிரித்தோம்.

சண்டைக்குள் தன் அம்மா வீட்டுச் சுவரோடு பூட்டிய அலுமாரியை, உள்ளே இருந்த கல்யாணச் சாறியோடு அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர் அவர். அதனால் நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் அந்த அலுமாரி என்றால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அறையின் தரை கொஞ்சம் முன்பக்கச் சரிவு, கதவு தானாகத் திறந்துகொள்ளும். முன் காலுக்குக் கீழே மட்டையை மடித்து வைப்போம். கடல் ஈரத்தில் அது நைந்து போகும், திரும்ப வைப்போம்.

றோட்டால் பாரமான வாகனம் ஏதும் போனால் கைப்பிடிகள் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அடிக்கும். ஒருமுறை நான் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பியே விட்டேன்.

"என்னக்கா உது?"

"ஒண்டுமில்லை. அது ஓட ரெடியா நிக்குது."

பிறகு தையல் மெசின் தலையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். வெள்ளம் வந்தால் நனையாதாம். "மேல பாரம் வைக்காதேங்கோ அக்கா" என்றேன். "நீ சும்மா இரடி" என்றார். சும்மா இருந்தேன்...

நேற்றுச் செத்தவீட்டுக்குப் போனேன். சவப்பெட்டி வைக்க முன்னறையில் இடம் வேண்டும் என்று அயலட்டை ஆட்கள் அலுமாரியைக் கழற்றினார்கள். ஒரேயொரு ஸ்பானர். ஒரு பலகைகூட உடையவில்லை. வேலியோரம் அழகாக அடுக்கிவிட்டார்கள்.

அந்தோனி அண்ணை அதைப் பார்த்தபடியே நின்றார். "சொன்னவள்... ஒரே ஏத்தில ஏத்திப்போடலாம் எண்டு."



விசுவமடுவுக்குத் திரும்பி வந்து வீட்டைத் திறந்தால், எதிரே என்னுடைய அலுமாரி நிற்கிறது. அதே பலகை, அதே உயரம், அதே போல்ட். இதுவும் சுவரில் பூட்டாததுதான்.

இன்று காலை என் கணவர் பக்கத்து வீட்டில் ட்றில் வாங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வேண்டாமப்பா. பூட்டினா பிறகு..."

"பிறகு? சொல்லு."

சொல்லாமலே அவருக்கும் விளங்கும். அவரும் உரப்பையோடு ஓடியவர்தான்.

நாங்கள் இப்படி நின்றுகொண்டிருக்க, எங்கள் சின்னவள் கீழ் லாச்சியை இழுத்தாள். மூன்று வயது. அதற்குள் ஏறி நின்று, மேல் லாச்சியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அலுமாரி முன்னால்... கொஞ்சம்தான்... அசைந்தது.

எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது. ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையும் தோளும் அலுமாரியில். "பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ, சுவரைத் துளையுங்கோ!" என்று கத்தினேன். பிள்ளை பயந்து வீரிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

நாளை பின்னேரம் அடக்கம். கடையில் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் தயவுசெய்து வாருங்கள்.

அக்கா... எங்கட அலுமாரியைச் சுவரில பூட்டிப்போட்டம். கோவிக்காதேங்கோ.

போயிட்டு வாங்கோ.