இலவசத்துக்கு இரண்டு புளியமரம்

சுவரில் மாட்டியிருக்கும் பயிற்சிச் சான்றிதழின்படி சரிதா, 'மலையகத் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பின் முதன்மைத் தொழில்முனைவோர்'. அந்தக் கட்டமைப்பு ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, பத்துக்கு எட்டு அடியில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கைரேகை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. மழை வந்தால் முதன்மைத் தொழில்முனைவோர் மூன்றையும் தார்ப்பாயால் மூடிவிட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்.

கடை தொடங்கிய 2016இல், புதிய விண்டோஸ் இலவசம் என்று திரையில் செய்தி வந்தது. அதுவரை ஏழெட்டாயிரம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவளுக்கு இலவசத்தின் இலக்கணம் தெரியாதா? வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் அட்டை நகல், போட்டோ இரண்டு எல்லாம் சேர்த்துக் கோப்பு தைத்து வைத்தாள். கலசப்பாக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் பாண்டுரங்கன் ஒரே பொத்தானை அழுத்தி வேலையை முடித்தார். கோப்பை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

போன மாதம் மறுபடி வந்தார். அந்த விண்டோஸும் பழசாகி, அதற்கான பாதுகாப்பு நின்றுவிட்டது. மாதக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் கைரேகைச் சேவையை நிறுத்திவிடுவோம் என்று, கருவியைக் கொடுத்திருந்த கம்பெனி எழுதிவிட்டது. சரிதாவின் வருமானத்தில் பாதி அந்தக் கருவியில்தான்.

"அப்கிரேட் இன்னா வெலங்கண்ணா?"

"இலவசம். கோப்பு ரெடியா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா."

"இந்தப் பொட்டி பழசும்மா, புதுச ஏத்துக்காது. வேற பொட்டி வேணும். செகண்ட் ஹேண்டுலயே இருபத்திரண்டாயிரம் ஆவும்."

"மிக்சி சும்மா, கரண்டு கம்பம் மட்டும் நீயே நட்டுக்கோன்றான். அப்டித்தான?"

பாண்டுரங்கன் சிரித்தார். சரிதா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். எந்தப் பழுதும் இல்லை. மண்வெட்டியானால் தேய்ந்தபின் மாற்றலாம். தேயாத ஒன்றை எந்த மனதோடு மாற்றுவது? காசு கேட்ட காலத்தில் விலை தெரிந்தது, பேரமாவது பேச முடிந்தது. இலவசத்திடம் என்ன பேரம் பேசுவது?

நூறுநாள் வேலைக் கூலி எடுக்க நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்த சடையன், கட்டைவிரலைத் துண்டில் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புளி உடைத்துத் தேய்ந்த விரல். இரண்டு மூன்று தடவை வைத்தால்தான் ரேகை விழும்.

"ஏம்மா, வெரலு பழசா இருந்தாலும் ஏத்துக்க மாட்டானா?"

"உங்க வெரல இன்னும் பாக்கலங்க. பாத்தா அதுக்கும் எழுதுவான்."

"இங்க இல்லன்னா பேங்குல நிக்கணும். அதுக்குள்ள ஜீப்பு போய்டும். அப்புறம் வூட்டுக்கு நடராஜா சர்வீசுதான்."

சரிதா அவர் விரலைப் பிடித்துக் கருவியின்மேல் அழுத்தினாள்.

அடுத்த வாரம், குடும்பச் சொத்தில் தன் பங்குக்கு வந்த இரண்டு புளியமரங்களின் மூன்று வருடக் காய்ப்பை ஒரு வியாபாரிக்கு முன்கூட்டியே விற்றாள். பாண்டுரங்கன் கொண்டுவந்த பெட்டியை வாங்கி, இலவச அப்கிரேட் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினாள். மாதக் கடைசியில் சடையனுக்குக் கூலி எடுத்துக் கொடுத்தாள். ரேகை நான்காவது தடவை விழுந்தது.