கொண்டையில் வெப்பமானி

கொண்டையில் செருகிய கண்ணாடி வெப்பமானியை உருவி, மெழுகு உருகிய எண்ணெய்ச் சட்டியில் விடுகிறாள் களிம்பு காய்ச்சும் யோர்தான்கா. துடைத்துவிட்டுப் பன்னீர்ச் சட்டியில் விடுகிறாள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை சேர்க்கமாட்டாள். அதுவரை யார் பேசினாலும் பதில் "ம்" மட்டும்தான்.

கார்லோவோ பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் விடியலில் பூப் பறிக்கும் எங்களுக்கு முள் கிழித்த விரல்கள் பனியில் வெடிக்கும். அவள் களிம்பு இல்லாவிட்டால் மறுநாள் கூடை பிடிக்க முடியாது. அதே மெழுகைப் போட்டுத் தலைக்கும் ஒரு கிரீம் செய்கிறாள். என் பரட்டை முடி படிவது அந்தப் புண்ணியத்தில்தான்.

அந்த மெழுகு என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணெயும் தண்ணியும் கல்யாணத்துல முறைச்சுக்கிட்ட ரெண்டு வீடுடி. இவ நடுவுல நின்னு ஆளுக்கொரு கையப் புடிச்சு ஹோரோ வட்டம் ஆட வைக்கிறவ. கைய விட்டா வட்டம் கலஞ்சிடும்."

போன சனிக்கிழமை அந்த வட்டம் கலைந்தது. அவள் கொழுந்தன் டோப்ரி பன்னீர் வடிப்பவன். அடுப்பில் பிறந்த பன்னீரை மறுபடி அடுப்பில் ஏற்றினால் மணம் போய்விடும் என்பது வடிப்பவர்களின் பிடிவாதம். அவள் திரும்பிய நேரம், சூடாக்கியதை ஒதுக்கிவிட்டு, நிலவறையில் இருந்த குளிர்ந்த பன்னீரை எண்ணெயில் கொட்டிவிட்டான். மெழுகு குருணை குருணையாக உறைந்தது. எண்ணெய் பிரிந்து மிதந்தது. வேறு மெழுகு இல்லை. விடிந்தால் பறிப்பு.

"அடப் புண்ணியவானே! மணத்தக் காப்பாத்திட்ட. இவளுங்க கைய யாருடா காப்பாத்துறது?"

"கொதிச்ச பன்னீர் செத்த பன்னீர், அண்ணி. எங்கப்பா சொல்லுவாரு."

"உங்கப்பா பூவ மோந்துதான பாத்தாரு, பறிச்சாரா? கரண்டியப் புடி."

சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினாள். குருணைகள் மெல்ல மெல்லக் கரைந்தன. பிறகு சட்டியை வெளியே எடுத்து, ஆறும்வரை இருவரும் மாறி மாறிக் கரண்டியால் அடித்துக் கலக்கினார்கள். டோப்ரியின் சட்டை முதுகோடு ஒட்டியது. "நிறுத்தாத, ராசா. வட்டம் கூடுது." களிம்பு கைச்சூட்டுக்கு வந்ததும், அவன் கொண்டுவந்ததில் மிஞ்சிய குளிர்ந்த பன்னீரிலிருந்து ஒரே ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள்.

"இது உங்கப்பாவுக்கு."

சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். பால்வெள்ளைக் களிம்பு அசையவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பிரியவில்லை. வெடித்த விரல்களோடு காத்திருந்த நாங்கள் கைகளை நீட்டினோம். டோப்ரி மட்டும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். யோர்தான்கா வெப்பமானியைக் கொண்டையில் செருகினாள். அவன் கையை முன்னால் இழுத்து, பூக்கூடைகளை அண்டாவில் கொட்டும்போது முள் கிழித்த விரலிடுக்குகளில் முதல் களிம்பைத் தடவினாள்.